சூரிச் பையனுக்கு வந்த கடிதம்: துவக்கு எடுப்பதா, வேண்டாமா?

அக்கா மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. சூரிச்சில் பிறந்து வளர்ந்தவன், சுவிஸ் குடியுரிமை உள்ளவன். அந்த நாட்டுப் பையன்கள் எல்லோருக்கும் வருகிற கடிதம் அவனுக்கும் வந்தது: ராணுவச் சேவை பற்றிய தகவல் நாளுக்கு வந்து சேர். கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருந்தான். "மாமா, கிறிஸ்தவன் இதுக்குப் போகலாமா?"

பத்து நிமிடத்தில் அக்காவின் அழைப்பு. சுவிஸ் ராணுவத்தில் பயிற்சி முடித்தவர்கள் தங்கள் துப்பாக்கியை (எங்கள் ஊர்ப் பேச்சில் துவக்கு) வீட்டிலேயே வைத்திருப்பது வழக்கம். ரவைகளை வீட்டில் வைக்கும் பழக்கம் 2007இல் நிறுத்தப்பட்டது என்று நான் சமாதானம் சொன்னேன். அக்காவுக்கு அந்த நுணுக்கம் எல்லாம் தேவைப்படவில்லை. "உந்தத் துவக்குச் சத்தத்துக்குத்தானேடா நாங்கள் ஊரை விட்டு ஓடி வந்தது? இப்ப அதை என்ர அலுமாரிக்குள்ள வைக்கச் சொல்றாங்களோ?"

அவள் சூரிச் போனாள், நான் திருச்சியில் தங்கிவிட்டேன். போதகர் இல்லை நான். ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தவன், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டுவிட்டானே. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து அவனுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

அவன் முன்னால் நாலு வழி இருக்கிறது. துவக்கோடு படைச் சேவை செய்யலாம். சாதாரணச் சிப்பாய்க்கு மொத்தம் 245 நாள், பல வருடங்களில் பிரித்துச் செய்வது. அல்லது மனச்சாட்சிக் காரணம் காட்டி மனுப் போட்டு, படைக்குள்ளேயே துவக்குத் தொடாமல் வேலை செய்யலாம். அல்லது படைக்கே போகாமல் முதியோர் இல்லம், மருத்துவமனை, மலைப் பண்ணை என்று குடிமைச் சேவை செய்யலாம். அதற்கு ஒன்றரை மடங்கு, 368 நாள். நாலாவது, எதற்கும் வர மாட்டேன் என்று மறுத்து வழக்கையும் சிறையையும் வாங்கிக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாயிரம் வருடமாகக் கிறிஸ்தவர்கள் போரைப் பற்றி எடுத்த முக்கியமான நிலைகள் எல்லாம் கிட்டத்தட்ட இந்த நாலுக்குள் வந்துவிடுகின்றன.

"பைபிளில் ஒரு வசனம் சொல்லுங்கோ மாமா, போதும்" என்றான். அதுதான் சிக்கல். ஏசாயா பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்கிறார். யோவேல் மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடிக்கச் சொல்கிறார். பட்டறை ஒன்று, வேலை எதிரெதிர். மலைப்பிரசங்கத்தில் "தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்" என்று இருக்கிறது. ரோமர் 13இல் அதிகாரி "பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை" என்று இருக்கிறது. யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், சம்பளம் போதும் என்று இருங்கள் என்றான். வேலையை விடு என்று சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பேதுருவும் அப்படிச் சொன்னதாக எழுதியிருக்கவில்லை. ஆனால் கெத்செமனேயில் அதே பேதுரு பட்டயத்தை உருவியபோது இயேசு சொன்னது: "பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்."

என் வாசிப்பு இது. இயேசுவின் வாயிலிருந்து வந்தவை தெளிவாகவே பட்டயத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கின்றன. சிப்பாயை வேலையை விடச் சொல்லாத மௌனமும் அதே புத்தகத்தில் இருக்கிறது. மௌனத்தை வைத்து ஒரு படையையே கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள்.

வசனத்தை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை லிம்மாட் ஆற்றங்கரைக்குப் போய் வா என்று எழுதினேன். வாஸர்கிர்ஹே தேவாலயத்தின் பக்கத்தில் சூரிச் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியின் சிலை நிற்கிறது. ஒரு கையில் பைபிள், இன்னொரு கையில் வாள். கற்பனை அலங்காரம் இல்லை அது. 1531 அக்டோபர் 11 அன்று கப்பெல் போர்க்களத்தில், கத்தோலிக்க மாநிலங்களின் படையோடு மோதி இறந்தவர் அவர். அப்புறம் ஆற்றின் எதிர்க்கரைக்கு வந்து, ஷிப்ஃபெ பகுதியில் சுவரில் பதித்த கல்வெட்டைப் பார். ஃபெலிக்ஸ் மான்ஸ் என்ற பெயர் இருக்கும். ஸ்விங்ளியிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர்; வயது வந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்ததற்காக 1527 ஜனவரி 5 அன்று இதே ஆற்றில் கட்டி மூழ்கடிக்கப்பட்டவர். கிறிஸ்தவன் வாள் எடுக்கக் கூடாது என்பதும் அந்தக் கூட்டத்தின் பேச்சு. அடுத்த மாதமே அவர்கள் ஷ்லைட்ஹைமில் கூடி ஏழு கட்டுரைகள் எழுதினார்கள். ஆறாவது கட்டுரை வாளைப் பற்றியது: வாள் தேவன் ஏற்படுத்திய ஒன்றுதான், ஆனால் அது கிறிஸ்துவின் பரிபூரணத்துக்கு வெளியே இருக்கிறது. இந்தக் கூட்டத்திலிருந்து கிளைத்து வந்தவர்கள்தான் மென்னோனைட்டுகளும் ஹட்டரைட்டுகளும். மூன்றாவது வழியைப் பேசும்போது அவர்களிடம் வருவோம்.

சரி, முதல் வழி. துவக்கோடு போவது.

இதைக் கேவலமாகப் பேசுவது சுலபம். ஆனால் இதன் பின்னால் ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீன் இருக்கிறார். வட ஆப்பிரிக்காவில் போனிஃபாஸ் என்ற படைத்தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம், சமாதானம்தான் விருப்பமாக இருக்க வேண்டும், போர் கட்டாயத்தால் மட்டும் வர வேண்டும் என்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் அக்வினாஸ் அதை மூன்று நிபந்தனையாக்கினார்: உரிய அதிகாரம் அறிவிக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், நோக்கம் நல்லதாக இருக்க வேண்டும். நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் சரிபார்ப்பது யார்? போருக்குப் போகிற அரசே அதைச் சரிபார்த்துக்கொண்டால், ஃபெயில் ஆன போர் என்று ஒன்று வரலாற்றில் இருக்காது. 2020இல் போப் பிரான்சிஸும் தம் சுற்றுமடலில், இந்தப் பழைய அளவுகோல்களை வைத்து இன்று ஒரு போரை நியாயம் என்று சொல்வது மிகக் கடினம் என்று எழுதிவிட்டார்.

ஆனால் இந்த வழியில் மறந்துபோன ஒரு பகுதி இருக்கிறது. மருமகனுக்கு நான் முக்கியமாகச் சொன்னது அதைத்தான். நாலாம் நூற்றாண்டில் பசிலியு ஆயர் எழுதினார்: போரில் கொன்றதைக் கொலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆனாலும் கை சுத்தமில்லை, மூன்று வருடம் நற்கருணை எடுக்காமல் இருப்பது நல்லது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர். இங்கிலாந்தைப் பிடிக்க வந்த நார்மன் தலைவர் வில்லியம் பக்கம் போப்பின் ஆதரவே இருந்தது. அப்படியும் அவருடைய வீரர்களுக்கு ஆயர்கள் ஒரு பாவப்பரிகாரப் பட்டியல் போட்டார்கள். கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வருடத் தவம். அடித்த ஆள் செத்தானா பிழைத்தானா என்று தெரியாவிட்டால் நாற்பது நாள். வில்லாளிகளின் கதை தனி. அம்பு பறந்து போய் யார்மேல் விழுந்தது என்று விட்டவனுக்கே தெரியாதே. அதனால் எண்ணிக்கை தெரியாத வில்லாளிகளுக்கு மூன்று தபசுகாலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு) என்று மொத்தமாகத் தீர்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஜெயித்த படை, சபை ஆசீர்வதித்த பக்கம், அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. அடுத்த முப்பது வருடத்துக்குள் எல்லாம் தலைகீழ் ஆகிவிட்டது. 1095இல் கிளெர்மோனில் போப் இரண்டாம் உர்பான் சிலுவைப் போருக்கு அழைத்தபோது, போருக்குப் போவதே பாவப்பரிகாரம் என்றாகிவிட்டது. அதற்கு முன்னால் நோய்க்கு மருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நோயையே மருந்து என்று விற்றார்கள். இன்று "கிறிஸ்தவன் தாராளமாக ராணுவத்தில் சேரலாம்" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிறவர்கள் யாராவது வில்லாளியின் மூன்று தபசுகாலத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா? நான் கேட்டதில்லை.

சுவிட்சர்லாந்துக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். 1815க்குப் பிறகு அந்த நாடு வெளிநாட்டோடு போர் செய்யவில்லை. 245 நாளில் பையன் சுடப்போவது அநேகமாக அட்டை இலக்குகளைத்தான். இந்த வழிக்கு அங்கே அது பெரிய சலுகை. ஆனால் அட்டையைச் சுடப் பழக்குவது அட்டைக்காக இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

இரண்டாவது வழி, துவக்கு இல்லாமல் படைக்குள். டெஸ்மண்ட் டாஸ் என்ற பெயரைச் சொன்னால் இன்று நிறையப் பேருக்குத் தெரியும். வர்ஜீனியாக்காரர், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. கப்பல் கட்டும் தளத்தில் வேலை, விலக்குக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்காமல் 1942 ஏப்ரலில் படையில் சேர்ந்தார், ஆனால் ஆயுதம் தொட மாட்டேன் என்றார். முகாமில் அதற்காகப் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. 1945 மே மாதம், ஒகினாவாவில் மயேடா செங்குத்துப் பாறை. படை பின்வாங்கிய பிறகும் மேலேயே நின்று, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராக விளிம்புக்கு இழுத்து வந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கீழே இறக்கினார். இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர் என்று ஜெபித்துக்கொண்டே. எத்தனை பேர் என்பதில் அப்புறம் தகராறு. அதிகாரிகள் 100 என்றார்கள். அவர், 50க்கு மேல் இருக்காது என்றார். நடுவில் 75 என்று முடித்துப் பதிவு செய்தார்கள். தான் செய்ததைக் குறைத்துப் பேரம் பேசிய ஆள். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அந்த வருட அக்டோபரில் ஜனாதிபதி ட்ரூமன் அவருக்கு அணிவித்தார்.

கேட்டதும் பையன் குதித்தான். "மாமா, இதுதான்!" எனக்கும் அப்படித்தான் இருந்தது, முதலில். ஆனால் இதில் இரண்டு ஓட்டை. காயம்பட்ட சிப்பாயைக் குணமாக்குவது இரக்கம்தான். குணமானவனில் பலரை மறுபடி துவக்கோடு அனுப்புவார்கள். டாஸுக்கு அது தெரியாமல் இல்லை. தன்னைப் படையை மறுப்பவன் என்று சொல்வதை அவர் விரும்பவில்லை. மனச்சாட்சியோடு ஒத்துழைப்பவன் என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்தப் போர் நியாயம் என்று நம்பியவர். நம்பாதவனுக்கு இந்த வழி பொருந்தாது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது: இந்த வழியின் கதவைத் திறக்க வேண்டியது ராணுவம். எல்லா ராணுவமும் திறக்காது. அதை நாலாவது வழியில் பார்க்கலாம்.

மூன்றாவது வழி இன்று ஏதோ அரசு தாராள மனதோடு கொடுத்த சலுகை போலத் தெரிகிறது. அப்படி வந்ததில்லை. முதல் உலகப்போரில் அமெரிக்காவின் 1917 சட்டம், போரே கூடாது என்னும் சமாதான சபைகளின் பையன்களுக்குப் படைக்குள் ஆயுதமில்லாத வேலை என்ற அளவில்தான் இடம் கொடுத்தது. தென் டகோட்டாவின் ஹட்டரைட் குடியானவர்கள் சிலர் சீருடையே போட மாட்டோம் என்றார்கள். இருபது வருடத் தண்டனை, அல்காட்ராஸ் நிலவறை, அங்கிருந்து லெவன்வொர்த் சிறை. 1918 நவம்பரில் போர் முடிந்தே விட்டது. அதன் பிறகு ஜோசப் ஹோஃபர் அங்கே இறந்தார், சில நாளில் அவர் சகோதரர் மைக்கேலும் இறந்தார். ஜோசப்பின் மனைவி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உயிரோடு இருந்தவரை அவர் போட மறுத்த அதே ராணுவச் சீருடையை உடம்பில் மாட்டி வைத்திருந்தார்கள்.

சமாதான சபைகள் அதை மறக்கவில்லை. 1935இல் கன்சாஸ் மாநிலம் நியூட்டனில் மென்னோனைட், குவேக்கர், பிரதரன் சபையார் ஒன்றாகக் கூடினார்கள். அடுத்த போர் வருவதற்குள் வேறு வழி இருக்க வேண்டும் என்று வாஷிங்டனின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1940 சட்டத்தில், ராணுவம் அல்லாத நிர்வாகத்தின் கீழ் பொதுச் சேவை என்று ஒரு பிரிவு வந்தது. சுமார் 12,000 பேர் அதில் போனார்கள். அரசு சம்பளம் கொடுக்கவில்லை. முகாம் செலவையும் பெரும்பாலும் சபைகளே சுமந்தன. காடு வளர்ப்பு, காட்டுத்தீ அணைக்கப் பாராசூட்டில் குதிப்பது, மனநல மருத்துவமனை வேலை என்று பலவும் இருந்தன. ஃபிலடெல்பியாவின் பைபெரி மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவர், நோயாளிகளை நிர்வாணமாகத் தரையில் போட்டிருந்த நிலையை ரகசியமாகப் படம் எடுத்தார். 1946இல் அந்தப் படங்கள் லைஃப் பத்திரிகையில் வந்து நாட்டை உலுக்கின. மின்னசோட்டாவில் 36 பேர் தாங்களாகவே முன்வந்து, ஆராய்ச்சிக்காக 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். போரில் பட்டினி கிடக்கும் ஐரோப்பியர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று கண்டுபிடிப்பதற்காக. உடல் எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. கோழைகள் என்று திட்டு வாங்கியவர்கள் இவர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே போரில் அழைக்கப்பட்ட மென்னோனைட் இளைஞர்களிலேயே நூற்றுக்கு 40 பேர் போல வழக்கமான படைச் சேவைக்குத்தான் போனார்கள். நானூறு வருடம் கற்றுக்கொடுத்த சபையிலேயே நிலைமை அதுதான். அதனால், நல்ல கிறிஸ்தவன் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே என்று எழுதினேன்.

இந்த வழியின் மேல் இருக்கும் பெரிய கேள்வி மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கேட்டார்: எல்லோரும் உங்களைப் போல ஒதுங்கிக்கொண்டால் பேரரசரைத் தனியே விட்டுவிட்டு நாடு காட்டுமிராண்டிகள் கைக்குப் போகாதா? எழுபது வருடம் போலக் கழித்து ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பதில் எழுதினார்: பூசாரிகளின் கையில் ரத்தம் படக் கூடாது என்று நீங்களே அவர்களைப் படைக்கு அனுப்புவதில்லையே, நாங்கள் எல்லோருமே அப்படித்தான், ஜெபத்தால் போராடுகிறோம். அழகான பதில். ஆனால் ஹிட்லர் காலத்தில் அமெரிக்க இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபூர் போன்றவர்களுக்கு அது போதவில்லை. ஒரு காலத்தில் தாமே போர் எதிர்ப்பாளராக இருந்தவர் அவர். எனக்கும் முழுதாகப் போதவில்லை.

நாலாவது வழியின் முதல் தெளிவான சாட்சி 295ஆம் ஆண்டு, இன்றைய அல்ஜீரியாவில் தெபெஸ்ஸா. மாக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையன், முன்னாள் சிப்பாயின் மகன். ஆளை நிறுத்தி உயரம் அளந்தார்கள்: ஐந்து அடி பத்து அங்குலம். கழுத்தில் ஈய முத்திரை மாட்டப் போனபோது, நான் கிறிஸ்தவன், படைச் சேவை செய்ய முடியாது என்றான். ஆளுநர் தியோன் நல்ல கேள்விதான் கேட்டார்: பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவச் சிப்பாய்கள் இருக்கிறார்களே? அவர்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும் என்றான் பையன். அதாவது முதல் வழிக்காரர்களும் நாலாவது வழிக்காரர்களும் அப்போதே ஒரே சபைக்குள் இருந்திருக்கிறார்கள். வெட்டப்படும் முன் தன் தகப்பனிடம் சொன்னான்: படையில் சேர எனக்கு எடுத்து வைத்த புது உடுப்பை இந்தக் கொலையாளிக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொருவர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் கிராமத்துக் குடியானவர், கோவில் பணியாளர், மூன்று சின்னப் பெண் குழந்தைகளோடு குடும்பம். ஹிட்லரின் போர் அநியாயம் என்று தெளிவாகத் தெரிந்தது அவருக்கு. லின்ஸ் ஆயரையே போய்க் கேட்டார். குடும்பத்தைப் பார் என்ற ரீதியில்தான் ஆயரின் புத்திமதி இருந்தது. 1943 மார்ச்சில் துவக்கு எடுக்க மறுத்தார். காயம்பட்டவர்களைப் பார்க்கும் வேலை கொடுங்கள், செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். டாஸுக்குத் திறந்த கதவு இவருக்குத் திறக்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் தலை வெட்டப்பட்டது. 2007இல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது சபை. ஆனால் கணக்கைக் கட்டியது யார்? அவர் மனைவி ஃப்ரான்சிஸ்கா. ஊரார் பேச்சையும் கேட்டுக்கொண்டு, போர் விதவைகளுக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டு, வயலையும் குழந்தைகளையும் தனியே பார்த்துக்கொண்டு 1950 வரை காத்திருந்தார். சாட்சியாக மரித்தவரின் படம் பீடத்தில் ஏறும். உழுதவளின் கையை யாரும் படம் எடுப்பதில்லை.

இப்படி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது, முதல் மூன்று வழிக்கும் சாவி அரசின் கையில் இருக்கிறது என்பது. இதே பையன் சிங்கப்பூரில் பிறந்திருந்தால் மனச்சாட்சி மறுப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை; அங்கே யெகோவா சாட்சிகளின் பையன்கள் ராணுவச் சிறைக்குத்தான் போகிறார்கள். தென் கொரியாவில் 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மாற்றுச் சேவை வந்தது, அதுவும் சிறைச்சாலைகளில் 36 மாத வேலை. சுவிட்சர்லாந்திலேயே குடிமைச் சேவை 1996இல் வந்ததுதான். அவன் அப்பாவின் வயதுக்காரர்கள் பலர் அங்கே சிறைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் அவனுக்கு இன்று மூன்றாவது கதவு திறந்திருக்கிறது என்றால், ஹோஃபர் வீட்டுப் பெட்டி போன்றவற்றின் மேல் ஏறி நின்று யாரோ திறந்து வைத்ததுதான்.

என் சிபாரிசு மூன்றாவது. முதல் காரணம், 2009க்குப் பிறகு சுவிஸில் மனச்சாட்சியை நிரூபிக்க யார் முன்னாலும் நின்று பரீட்சை எழுத வேண்டியதில்லை. கூடுதலான அந்த 123 நாளைச் செய்வதுதான் நிரூபணம். வாயால் சாட்சி சொல்வதைவிட முதியோர் இல்லத்தில் நாலு மாதம் அதிகமாகப் படுக்கை மாற்றுவது நல்ல சாட்சி என்று நினைக்கிறேன். இரண்டாவது காரணம், இங்கே செலவு அவன் தலையிலேயே விழுகிறது. அக்கா தலையில் இல்லை. மனம் மாறி முதல் வழிதான் என்றால் அதையும் தடுக்க மாட்டேன், வில்லாளியின் கதையை மட்டும் மறக்காமல் இருக்கட்டும். நாலாவது வழியை இன்று கையில் எடுக்கத் தேவையில்லை. சட்டம் மாறினால் எடுக்க வேண்டி வரலாம், அதற்கு மனதில் இடம் வைத்திரு என்று மட்டும் எழுதினேன்.

நடைமுறைக்கு: தகவல் நாளுக்கு எப்படியும் போயாக வேண்டும். ஆட்சேர்ப்பில் தகுதி என்று முடிவு வந்தால்தான் குடிமைச் சேவைக்கு மனு. ஆகவே இப்போதைக்குப் போ, கேள், கையெழுத்தை அவசரப்பட்டுப் போடாதே.

இரவு பதில் வந்தது. "சரி மாமா. ஆனா நான் போகாட்டி என்ர கிளாஸ்மேட்தானே எனக்கும் சேர்த்துத் துவக்குத் தூக்குவான்? அது எப்படிச் சரி?" கெல்சுஸ் கேட்ட அதே கேள்வி. ஓரிகனின் பதிலைத் தமிழில் எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது. அக்கா மட்டும் இன்று காலையில் கூப்பிட்டு, அலுமாரியில் இடமில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.